ப்ளேன் எலக்ட்ரானிக்ஸ்ல தண்ணி இறங்காம பாத்துக்குறது எப்படி: ஏடி (கட்டாய பாதுகாப்பு உத்தரவு) கைக்கு வந்ததுல இருந்து பேனல் மூடுற வரைக்கும் முழு வழிகாட்டி

ப்ளேனுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் நனையுறதுன்னா நிறைய பேர் மழைன்னு நினைச்சுக்குறாங்க. மழை ரொம்ப சின்ன பங்குதான். மேல கேபின்ல காபி மேக்கருக்கு போற பைப், டாய்லெட் பைப், கை கழுவுற சிங்க், பாசஞ்சர் விடுற மூச்சுல இருக்குற ஈரம், இதெல்லாம் தரைக்கு அடியில இறங்கி அங்க ராக்ல அடுக்கி வச்சிருக்குற பெட்டிங்க மேல சொட்டுறதுதான் நிஜமான தலைவலி. நிறைய ஜெட் மாடல்கள்ல ஈ அண்ட் ஈ பே, அதாவது ஃப்ளைட் கம்ப்யூட்டர், ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட், ரேடியோ எல்லாம் இருக்குற அறை, முன் கதவு, முன் கேலி (சாப்பாடு, காபி ரெடி பண்ற இடம்), முன் டாய்லெட் இதுக்கெல்லாம் நேர் கீழ இருக்கு. தண்ணி எங்க அதிகமா புழங்குதோ அதுக்கு அடியிலயே மூளைய வச்சிருக்கோம்.

இது பேப்பர்ல மட்டும் இருக்குற ஆபத்து இல்ல. 2008 ஜனவரி 7, குவாண்டஸ் போயிங் 747-400 ஒண்ணு லண்டன்ல இருந்து பாங்காக் வந்துட்டு இருந்துச்சு, இறங்குறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி முன் கேலில தண்ணி கொட்டுதுன்னு கேபின் க்ரூ சொல்றாங்க, அடுத்து நாலு ஏசி பஸ்ல, அதாவது கரென்ட்ட பிரிச்சுக் குடுக்குற மெயின் லைன்ல, மூணு போயிடுச்சு. நாலாவது பஸ் மட்டும் மிச்சம், பாக்கி முக்கியமான சிஸ்டம் பலதும் பேட்டரில ஓடுச்சு. பகல் நேரம், வெளிய நல்லா தெரிஞ்சுச்சு, ஏர்போர்ட் பக்கத்துல இருந்துச்சு, பத்திரமா இறங்கிட்டாங்க. நடுக்கடல் மேல ராத்திரில நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு ஏடிஎஸ்பி தோண்டி பாத்தப்ப, ட்ரெயின் லைன், அதாவது கழிவு தண்ணி வெளிய போற பைப், அதோட ஹீட்டர் வேலை செய்யாம லைனுக்குள்ள ஐஸ் அடைச்சிருக்கணும், அதனால தண்ணி மேல வழிஞ்சு, டெக்கிங் பேனல் வழியா கீழ இறங்கி, பெட்டிங்களுக்கு குடை மாதிரி இருக்க வேண்டிய ட்ரிப் ஷீல்ட்ல விரிசல் இருந்ததால நேரா ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்ல விழுந்திருக்குன்னு தெரிய வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அமெரிக்க விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏ 747-400க்கு மெயின் எக்விப்மென்ட் சென்டர்ல (ஈ அண்ட் ஈ பேக்கு இன்னொரு பேர்) தண்ணி புகாம இருக்க மாடிஃபிகேஷன் கட்டாயம்னு ஏடி போட்டுச்சு, ட்ரிப் ஷீல்ட் மேல ஃபைபர்கிளாஸ் கோட்டிங் போடுறது அதுல ஒரு முக்கியமான வேலை.

இதுல நான் அழுத்தி சொல்ல வர்றது ஒண்ணுதான். பெட்டிய வாட்டர்ப்ரூஃப் ஆக்குறது நம்ம வேலை இல்ல. தண்ணி பெட்டிக்கு வர்ற வழிய அடைக்கணும், அதையும் மீறி வந்துச்சுன்னா எந்தப் பக்கம் ஓடணும்னு வழி வச்சுக் குடுக்கணும். அதனால வேலைய எப்பவும் மேல இருந்து கீழ பாருங்க, தண்ணி ஓடுற அதே வரிசைல. குவாண்டஸ் கேஸ்ல ஹீட்டர், ட்ரெயின், தரை, ஷீல்ட்னு நாலு தடுப்பும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா விட்டுடுச்சு, எதாவது ஒண்ணு தாங்கியிருந்தா அன்னைக்கு இவ்ளோ தூரம் வந்திருக்காது.

பெட்டியே தாங்காதா?

இந்த கேள்வி அடிக்கடி வரும். பெட்டிங்களுக்கு டிஓ-160னு ஒரு டெஸ்ட் ஸ்டாண்டர்ட் இருக்கு. அதுல செக்ஷன் 10 தான் வாட்டர்ப்ரூஃப்னெஸ். ஒய் கேட்டகரின்னா மேல பனி மாதிரி ஈரம் படிஞ்சா தாங்கும், டபிள்யூன்னா சொட்டு விழுந்தா தாங்கும், ஆர்னா ஸ்ப்ரே, எஸ்னா தொடர்ந்து பீய்ச்சி அடிச்சாலும் தாங்கும். எக்ஸ்னு போட்டிருந்தா அந்த டெஸ்ட்டே பண்ணலன்னு அர்த்தம். பாதுகாப்பான அறைக்குள்ள, கூலிங் காத்து உள்ள போய் வர்றதுக்கு ஓட்டை வச்சு செஞ்ச பெட்டி ஸ்ப்ரே டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கும்னு எதிர்பார்க்க முடியாது. ஹ்யூமிடிட்டி டெஸ்ட் பாஸ் ஆனதும் தண்ணி ஊத்தினா தாங்குறதும் வேற வேற, இத குழப்பிக்காதீங்க. ஒரு யூனிட் எந்த கேட்டகரின்னு சந்தேகமா இருந்தா அதோட காம்பொனென்ட் மெயின்டெனன்ஸ் மேனுவல்லயோ, நேம் ப்ளேட்லயோ பாருங்க, சிலதுல அங்கேயே எழுத்து வரிசையா இருக்கும்.

இன்னொண்ணு, சுத்தமான தண்ணிய விட அழுக்கு தண்ணிதான் மோசம். காபி, ஜூஸ், டாய்லெட் நீல லிக்விட் இதெல்லாம் கரென்ட்ட கடத்தும், காஞ்ச அப்புறமும் படிமம் விட்டுட்டு போகும், அடுத்த தடவ காத்துல ஈரம் வந்ததும் அந்த படிமம் திரும்ப உயிர் பெறும். 1995 அக்டோபர் 22 இங்கிலாந்துல போர்ன்மத் பக்கத்துல ஒரு 737-200 திடீர்னு ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சுது, ஈ அண்ட் ஈ பேல இருந்த யா டாம்பர் கப்ளரோட (ப்ளேன் பக்கவாட்டுல ஆடாம தானா அடக்குற பெட்டி) கனெக்டர்ல ஏதோ திரவம் இறங்கியிருந்தது காரணம்னு பிரிட்டிஷ் விசாரணை அமைப்பு ஏஏஐபி கண்டுபிடிச்சுது. கதவு, கேலி, டாய்லெட்டுக்கு கீழ அந்த அறை இருக்குறதே பலவீனம்னு அந்த ரிப்போர்ட் சொல்லுச்சு. பழைய பாலிஇமைட் இன்சுலேஷன் வயர்ல ஒரு சின்ன கீறல் இருந்து மேல இந்த மாதிரி திரவம் பட்டுச்சுன்னா வெட் ஆர்க் ட்ராக்கிங், அதாவது நனைஞ்ச இடத்துல பொறி பறந்து இன்சுலேஷன் கருகிட்டே போறது, வேற ஆகும், அதுல பக்கத்து வயரும் சேர்ந்து கருகும்.

ஸ்டெப் 1: ஏடிய வரி வரியா படிங்க

ஏடி, அதாவது ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ், சட்டம். எஸ்பி, அதாவது சர்வீஸ் புல்லட்டின், கம்பெனி சொல்ற வேலை முறை. ஏடி ஒரு எஸ்பிய கைகாட்டி இத பண்ணுன்னு சொன்னதும் அந்த எஸ்பில குறிப்பிட்ட ஸ்டெப் எல்லாம் சட்டமாயிடும். அமெரிக்க விதில இது பார்ட் 39, ஏடிய மீறி பறக்குற ஒவ்வொரு தடவையும் தனி தனி மீறல்.

முதல்ல அப்ளிகபிலிட்டி. மாடல் பேர பாத்து நம்ம ப்ளேன்தான்னு முடிவு பண்ணிடாதீங்க, லைன் நம்பர் இல்ல சீரியல் நம்பர் லிஸ்ட் எஸ்பில இருக்கும், அதுலயும் க்ரூப் 1, க்ரூப் 2, கான்ஃபிகரேஷன் 1னு பிரிச்சிருப்பாங்க, உங்க ப்ளேன்ல கேலி லேஅவுட் மாத்தியிருந்தாலோ பாசஞ்சர்ல இருந்து கார்கோவா மாத்தியிருந்தாலோ எஸ்பில இருக்குற படம் உங்க ப்ளேனோட ஒத்துப் போகாது, அத இப்பவே கண்டுபிடிக்கணும், ஹேங்கர்ல ப்ளேன திறந்து போட்ட அப்புறம் இல்ல.

அடுத்து கம்ப்ளையன்ஸ் டைம். எஃபெக்டிவ் டேட்ல இருந்து இத்தன மாசம், இல்ல இத்தன ஃப்ளைட் ஹவர், எது முன்னாடி வருதோ அதுன்னு இருக்கும். ஏடி வெளியான தேதியும் எஃபெக்டிவ் டேட்டும் வேற, கணக்க ரெண்டாவதுல இருந்து போடுங்க. சில ஏடில மாடிஃபிகேஷன் பண்ற வரைக்கும் திரும்ப திரும்ப இன்ஸ்பெக்ஷன் பண்ண சொல்லுவாங்க, மாடிஃபிகேஷன் பண்ணினா அது டெர்மினேட்டிங் ஆக்ஷன், இன்ஸ்பெக்ஷன் நின்னுடும். சிலதுல மாடிஃபிகேஷனுக்கு அப்புறமும் இன்ஸ்பெக்ஷன் தொடரும். அந்த ஒரு பாரா எங்க இருக்குன்னு தேடிப் பிடிச்சு மார்க் பண்ணி வைங்க.

எஸ்பில ஆர்சின்னு குறிச்ச ஸ்டெப் இருக்கும், ரிக்வயர்ட் ஃபார் கம்ப்ளையன்ஸ். அத எழுதினபடியே பண்ணணும், மாத்தணும்னா ஏஎம்ஓசி, அதாவது வேற முறைல பண்ண அத்தாரிட்டியோட அனுமதி, வாங்கணும், அது பார்ட் 39ல 39.19ல வருது. ஆர்சி இல்லாத ஸ்டெப்ப உங்க ஒத்துக்கப்பட்ட வழக்கமான முறைல பண்ணலாம், ஆனா ஆர்சி ஸ்டெப்பும் பாதிக்கக் கூடாது, ப்ளேனையும் ஏர்வொர்தி நிலைல திரும்பக் குடுக்க முடியணும். கன்கரன்ட் எஸ்பின்னு ஒரு வரி இருந்தா அத தாண்டிப் போகாதீங்க, இந்த வேலைக்கு முன்னாடியோ கூடவேயோ வேற ஒரு எஸ்பி முடிஞ்சிருக்கணும்னு அர்த்தம். பழைய ரிவிஷன் படி ஏற்கனவே பண்ணியிருந்தா க்ரெடிட் ஃபார் ப்ரீவியஸ் ஆக்ஷன்ஸ் பாரால அந்த ரிவிஷன் நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா க்ரெடிட் கிடையாது.

ஸ்டெப் 2: எப்ப பண்றதுன்னு ப்ளான்

இந்த மாதிரி வேலைய தனியா எடுத்துப் பண்ணினா வீண். கேலி கழட்டணும், தரை பேனல் எடுக்கணும், ராக்ல இருந்து பெட்டி இறக்கணும். ஹெவி செக்ல, அதாவது ப்ளேன முழுசா பிரிச்சுப் பாக்குற பெரிய செக்ல, இதெல்லாம் எப்படியும் திறக்கும், அதோட சேர்த்து வைங்க. டைம் லிமிட் அதுக்கு முன்னாடி முடியுதுன்னா மட்டும் தனியா நிறுத்துங்க.

கிட் ஆர்டர் பண்ணும்போதே சீலண்ட், அட்ஹீஷன் ப்ரமோட்டர், மாய்ஸ்ச்சர் பேரியர் டேப், ஓ-ரிங் எல்லாத்தோட ஷெல்ஃப் லைஃபும் வேலை நடக்குற தேதிய தாண்டி இருக்கான்னு பாத்துடுங்க. சீலண்ட் க்யூர் ஆகுற நேரத்தையும் ப்ளான்ல போடுங்க. பாலிசல்ஃபைட் சீலண்ட் சூட்டையும் காத்து ஈரத்தையும் பொறுத்து இறுகும், ஹேங்கர் குளிரா இருந்தா கணக்கு போட்டத விட ரொம்ப நேரம் பிடிக்கும். நேரம் இல்லன்னு முழுசா இறுகாத சீலண்ட் மேல பேனல் வச்சு ஸ்க்ரூ போட்டா அந்த வேலைய பண்ணாததும் ஒண்ணு பண்ணினதும் ஒண்ணு.

ஸ்டெப் 3: கை வைக்குறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க

பவர் எல்லாம் ஆஃப், பேட்டரி டிஸ்கனெக்ட், சர்க்யூட் ப்ரேக்கர இழுத்து டேக் போடுங்க. பெட்டிங்கள கையாளும்போது ஈஎஸ்டி ஸ்ட்ராப் (உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் கரென்ட் பெட்டிய கெடுக்காம இருக்க கைல கட்டுறது) கட்டாயம். தொடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்க.

சரி பண்றது மேல இருந்து கீழன்னாலும், கறைய தேடும்போது மட்டும் டார்ச் எடுத்துட்டு கீழ இருந்து மேல பாருங்க. தண்ணி வந்து காஞ்ச இடம் தன்னால காட்டிக் குடுக்கும்: ராக் ஷெல்ஃப்ல வெள்ளையா கோடு கோடா உப்பு படிஞ்சிருக்கும், ஓரத்துல கோடு அழுத்தமா இருக்கும், நடுவுல மங்கலா இருக்கும், அது எத்தன தடவ தேங்கி எத்தன தடவ காஞ்சிருக்குன்னு வரிசையா சொல்லும். பழுப்பு பிசுபிசுப்புன்னா காபி இல்ல ஜூஸ். நீலம்னா டாய்லெட். கனெக்டர் ஷெல் மேல பச்சையா பூத்திருந்தா உள்ள காப்பர் அரிக்க ஆரம்பிச்சாச்சு. இன்சுலேஷன் பிளாங்கெட்ட கையால அழுத்திப் பாருங்க, கனமா இருந்தா உள்ள தண்ணி குடிச்சிருக்கு.

கறை இருக்குற இடத்துக்கு நேர் மேலதான் கசிவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. தண்ணி பீம் மேல ஓடி, வயர் பண்டில் மேல ஓடி, எங்கயோ போய் சொட்டும், பறக்கும்போது மூக்கு கொஞ்சம் தூக்கி இருக்கும், இறங்கும்போது சாயும், அதனால ஓடுற திசையே மாறும். குவாண்டஸ் கேஸ்லயும் கேலில வழிஞ்ச தண்ணி முன்னாடி பக்கம் ஓடித்தான் கீழ இறங்குச்சு.

ஸ்டெப் 4: மேல இருந்து ஆரம்பிங்க, குழாயும் தரையும்

குடிதண்ணி லைன் கப்ளிங் எல்லாத்தையும் ப்ரெஷர் குடுத்துப் பாக்கணும். ட்ரை டிஷ்யூ பேப்பர ஒவ்வொரு ஜாயின்ட்டயும் சுத்தி ஒரு சுத்து சுத்துங்க, கண்ணுக்குத் தெரியாத கசிவும் டிஷ்யூல ஈரமா தெரியும். சின்ன கசிவுதானேன்னு விடக் கூடாது. 787ல கை கழுவுற குழாயோட கன்ட்ரோல் மாட்யூல்ல ஓ-ரிங் தேஞ்சு மெதுவா கசிஞ்ச தண்ணி எலக்ட்ரானிக் பெட்டிங்க வரைக்கும் போன ரிப்போர்ட்டுங்க வந்துதான் 2023ல எஃப்ஏஏ அதுக்கு ஏடி நடவடிக்கைய ஆரம்பிச்சுது. ஒரு ஓ-ரிங்தான், ஆனா அது ராத்திரி பகலா விடாம சொட்டும்.

தரை பேனல்ல கேலி, டாய்லெட், கதவு பக்கம் இதெல்லாம் வெட் ஏரியான்னு மேனுவல்ல தனியா குறிச்சிருக்கும். அங்க பேனல் ஜாயின்ட், ஸ்க்ரூ தலை, சீட் ட்ராக், பைப் போற ஓட்டை எல்லாம் சீல் பண்ணணும், மேல மாய்ஸ்ச்சர் பேரியர் டேப் ஒட்டணும். டேப் ஒட்டும்போது மேல இருக்குற டேப் ஓரம் கீழ சரிவுல இருக்குற டேப்ப ஏறி மூடணும், ஓடு வேய்ற மாதிரி, எதிர் திசைல ஒட்டினா தண்ணிய நாமளே உள்ள கூட்டிட்டு போறோம்.

சீலண்ட் போடுற இடத்த சுத்தம் பண்றதுலதான் பாதி வெற்றி. சால்வென்ட் நனைச்ச துணியால துடைச்சு, அது தானா காயறதுக்கு முன்னாடியே ரெண்டாவது காஞ்ச துணியால துடைச்சு எடுங்க, தானா காய விட்டா கரைஞ்ச எண்ணெய் திரும்ப அங்கயே படிஞ்சுடும். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் திரும்ப பண்ணுங்க. எஸ்பி கேட்டா அட்ஹீஷன் ப்ரமோட்டர் போட்டு அது சொல்ற நேரம் விடுங்க. ஃபில்லெட் (மூலைல ஓட்டுற சீலண்ட் வரி) போட்ட அப்புறம் டூலால அழுத்தி இழுங்க, உள்ள காத்து குமிழி மாட்டக் கூடாது, ரெண்டு ஓரமும் மெல்லிசா மெட்டல்ல இழைஞ்சு முடியணும், ஓரம் தூக்கிட்டு நின்னா சில மாசத்துல உரிஞ்சு வந்துடும். கைக்கு கிடைச்ச சிலிக்கான இங்க போடாதீங்க. க்யூர் ஆகும்போது வினிகர் வாசனை வர்ற வகை அசிட்டிக் ஆசிட் விடும், அது எலக்ட்ரானிக்ஸ் பக்கத்துல இருந்தா அதுவே அரிக்கும். எஸ்பில இருக்குற ஸ்பெக் நம்பர் மட்டும்தான்.

ஸ்டெப் 5: ட்ரெயின்

எனக்குத் தெரிஞ்சு ரொம்ப அலட்சியம் பண்ற இடம் இதுதான். சிங்க்ல காபி தூள், பால், ஜூஸ் எல்லாம் ஊத்துவாங்க, அது லைன் வளைவுல கெட்டியா படியும், குறுகின இடத்துல மெதுவா போற தண்ணி சீக்கிரம் உறையும். 35,000 அடில வெளிய ஸ்டாண்டர்ட் கணக்குப்படியே மைனஸ் 54 டிகிரி செல்சியஸ். அதனாலதான் லைனுக்கும் ட்ரெயின் மாஸ்ட்டுக்கும் (தண்ணிய வெளிய விட ப்ளேன் அடியில நீட்டிட்டு இருக்குற குழாய்) ஹீட்டர். ஹீட்டர் போனா காக்பிட்ல ஒரு லைட் எரியும்னு எல்லா மாடல்லயும் எதிர்பார்க்க முடியாது, அதனால ரெசிஸ்டன்ஸ், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் ரெண்டும் அளந்து மேனுவல் லிமிட்டோட ஒத்துப் பாருங்க, பவர் குடுத்து மேனுவல் சொல்ற முறைல சூடாகுதான்னு பாருங்க. மாஸ்ட்ட தரைல இருக்கும்போது வெறும் கையால தொட்டுப் பாக்காதீங்க, சுட்டுடும்.

அடுத்து மேனுவல் சொல்ற அளவு தண்ணிய சிங்க்ல ஊத்தி கீழ மாஸ்ட் வழியா எப்படி வருதுன்னு பாருங்க. வரவேண்டிய வேகத்துல வரலன்னா அடைப்பு இருக்கு. லைன் சரிவு சரியா இருக்கா, க்ளாம்ப் தளர்ந்து நடுவுல தொய்ஞ்சு தண்ணி தேங்குதான்னும் பாருங்க. பாடி அடி வயித்துல இருக்குற ட்ரெயின் வால்வு தரைல திறந்து இருக்கும், ப்ரெஷரைஸ் ஆனதும் மூடிக்கும், அழுக்கு, பழைய சீலண்ட், கொரோஷன் தடுக்க அடிக்குற மெழுகு இதுல எதாவது சேர்ந்து ஒட்டிக்கிட்டா தண்ணி பில்ஜ்லயே, அதாவது பாடியோட அடித்தட்டுலயே, நிக்கும். ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க, சும்மா பாத்துட்டு டிக் பண்ணாதீங்க.

ஸ்டெப் 6: ட்ரிப் ஷீல்ட்

இதுதான் ஏடில பெரும்பாலும் நேரடியா பேசுற பார்ட். பெட்டிங்களுக்கு மேல படுத்த மாதிரி இருக்குற ஃபைபர்கிளாஸ் தட்டு, ஓரத்துல சின்ன காவா, அதுல இருந்து ட்யூப் கீழ பில்ஜுக்கு போகும். மெயின்டெனன்ஸ் பண்றவங்க மேல சாஞ்சு, முட்டி போட்டு, டூல் வச்சு வருஷக்கணக்குல மெல்லிசா விரிசல் விழுந்திருக்கும். மேல இருந்து பாத்தா தூசிக்கு அடியில அது தெரியவே தெரியாது. ஒருத்தர் மேல இருந்து நல்ல வெளிச்சமான டார்ச்ச ஷீல்ட்டோட ஒட்டி நகர்த்தணும், இன்னொருத்தர் கீழ இருட்டுல படுத்து பாக்கணும், விரிசல் இருந்தா முடி மாதிரி ஒரு வெளிச்சக் கோடு தெரியும், முக்கியமா ஃபாஸ்டனர் ஓட்டைய சுத்தியும் மடிப்பு மூலைலயும். ஏடி சொல்ற இன்ஸ்பெக்ஷன் முறைக்கு பதிலா இல்ல, அதோட கூட சேர்த்து இதையும் பண்ணுங்க.

ரிப்பேர், இல்ல கோட்டிங்: பழைய பெயின்ட்ட எஸ்பி சொல்ற அளவு வரைக்கும் தேய்ச்சு எடுங்க, ஃபைபர வெட்டுற அளவு தேய்க்காதீங்க. தூசி கீழ இருக்குற பெட்டிங்க மேல விழாம எல்லாத்தையும் மூடி, வாக்யூம் போட்டுட்டே தேய்ங்க, கண்ணாடி நார் தூசி கனெக்டருக்குள்ள போனா அது இன்னொரு பிரச்சனை. துணி லேயர ரெசின்ல நனைச்சு ஒட்டும்போது ஓரம் காவாய மூடிடாம பாத்துக்கோங்க. ரெசினும் துணியும் எஸ்பில இருக்குறதே வேணும், ஏன்னா தீப்பிடிக்குற தன்மைக்கும் அது டெஸ்ட் ஆனது.

கோட்டிங் போட்டாச்சுன்னு சந்தோஷத்துல கூலிங்க மறந்துடாதீங்க. அந்த பெட்டிங்க காத்துல குளிருற பெட்டிங்க. எங்கயாவது தண்ணி வருதுன்னு நாமளா ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் எடுத்து பெட்டி மேல போத்தினா சூட்டுல பெட்டி போகும், புகை வந்தா வெளியேற வழியும் போகும். எக்ஸாஸ்ட் வழி, இன்லெட் ஸ்க்ரீன், இதெல்லாம் திறந்திருக்கான்னு வேலை முடிஞ்சதும் பாருங்க.

ஸ்டெப் 7: வயரும் கனெக்டரும்

வயர் பண்டில் மேல இருந்து நேரா கனெக்டருக்குள்ள இறங்கினா தண்ணிக்கு அதுவே வழி. அதனால கனெக்டருக்கு முன்னாடி வயர கீழ தொங்க விட்டு திரும்ப மேல ஏத்துறோம், அதுதான் ட்ரிப் லூப், தண்ணி அந்த அடி வளைவுலயே சொட்டிடும். நிறைய இடத்துல ஒரிஜினலா லூப் இருக்கும், பின்னாடி யாரோ அழகா இருக்கட்டும்னு இழுத்து டை போட்டு நேராக்கியிருப்பாங்க. திரும்ப லூப் குடுங்க, ஆனா அந்த லூப் ஷெல்ஃப் ஓரத்துல உரசக் கூடாது, பெண்ட் ரேடியஸ் மேனுவல்ல இருக்குறபடி இருக்கணும்.

கனெக்டர்ல பயன்படுத்தாத பின் ஓட்டைக்கு சீலிங் ப்ளக் இருக்கணும், ஒரு ப்ளக் காணோம்னாலும் தண்ணி உள்ள போய் நிக்கும். பேக்‌ஷெல்ல ட்ரெயின் ஓட்டை இருந்தா அது கீழ் பக்கம் பாக்கணும். ப்ளாஸ்டிக் ட்யூப்குள்ள வயர் போகுதுன்னா ரொம்ப தாழ்வான இடத்துல 1/8 இன்ச் ட்ரெயின் ஓட்டை வேணும், இல்லன்னா ட்யூப் தண்ணிய சேத்து வச்சு ஒரு நாள் மொத்தமா ஊத்தும். வயரிங்குக்கும் தண்ணி, கழிவு லைனுக்கும் நடுவுல பிரிப்பு வேணும்னு 25.1707 விதியே இருக்கு, அதனால புதுசா வயர் போடும்போது தண்ணி பைப்புக்கு கீழ ஓட்டாதீங்க.

ஸ்டெப் 8: டெஸ்ட்

எஸ்பில தண்ணி டெஸ்ட் சொல்லியிருந்தா சொன்ன அளவு, சொன்ன இடம், சொன்ன நேரம். பெட்டிங்க ராக்ல இருக்கணுமா வெளிய இருக்கணுமான்னு முதல்ல படிங்க. கீழ வெள்ளை பேப்பர் விரிச்சு வச்சா ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். தண்ணி ட்யூப் வழியா மட்டும்தான் வரணும். அதுக்கப்புறம் நல்லா காய வச்சு, பாண்டிங் ரெசிஸ்டன்ஸ் (பெட்டிக்கும் ப்ளேன் பாடிக்கும் நடுவுல இருக்குற மின் இணைப்பு) அளந்து, பெட்டிங்கள மாட்டி, பில்ட்-இன் டெஸ்ட் ஓட்டி, எஸ்பி கேக்குற ஆபரேஷனல் டெஸ்ட் எல்லாம் முடிங்க. டூல் எண்ணி பாத்துட்டுதான் பேனல் மூடணும்.

ஸ்டெப் 9: ரெகார்ட்

ஏடி நம்பர், ரிவிஷன், எஸ்பி ரிவிஷன், எந்த க்ரூப், எந்த முறைல பண்ணினீங்க, தேதி, மொத்த ஹவர், சைக்கிள், திரும்ப இன்ஸ்பெக்ஷன் உண்டுன்னா அடுத்தது எப்ப. ஏஎம்ஓசி பயன்படுத்தியிருந்தா அதோட கடிதம் காப்பி கூடவே இருக்கட்டும். ஷீல்ட்டுக்கு பார்ட் நம்பர் மாறியிருந்தா பார்ட்ஸ் கேட்டலாக்லயும் ஸ்டோர்லயும் மாத்துங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது பழைய ஷீல்ட்ட எடுத்து நல்ல மனசோட மாட்டிடுவாங்க, ஏடி அங்கயே உடைஞ்சு போகும்.

ஏற்கனவே நனைஞ்சிருந்தா

பவர் போட்டு வேலை செய்யுதான்னு பாக்காதீங்க. நனைஞ்ச போர்ட்ல கரென்ட் விட்டா மின் அரிப்பு ஆரம்பிச்சு மெட்டல் இழை இழையா வளர்ந்து ரெண்டு ட்ராக்க இணைச்சுடும். பவர் எடுங்க, கழட்டுங்க, என்ன திரவம் பட்டுச்சுன்னு டேக்ல எழுதி ஷாப்புக்கு அனுப்புங்க. வெறுமனே 'ஃபால்ட்டி'ன்னு எழுதி அனுப்பினா ஷாப்ல டெஸ்ட் பெஞ்ச்ல போட்டு பாப்பாங்க, அன்னைக்கு பாஸ் ஆகும், திரும்ப வந்துடும். ஹை ப்ரெஷர் காத்து அடிச்சு காய வைக்காதீங்க, தண்ணி இன்னும் உள்ளதான் போகும். டாய்லெட் லிக்விட் பட்ட கனெக்டர துடைச்சு திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி மேனுவல் என்ன சொல்லுதுன்னு பாருங்க, மாத்துறதுதான் நல்லது.

காக்பிட்டும் வெளிப்புற சென்சாரும்

ஈ அண்ட் ஈ பேய மட்டும் பாத்தா போதாது. 2019 நவம்பர்லயும் 2020 ஜனவரிலயும் ரெண்டு ஏர்பஸ் ஏ350ல காக்பிட் நடு பேனல்ல பானம் கொட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு பறக்கும்போதே ஒரு இன்ஜின் தானா நின்னுடுச்சு. ஐரோப்பிய விமான பாதுகாப்பு அமைப்பு ஈயாசா 2020 பிப்ரவரில எமர்ஜென்சி ஏடி போட்டு காக்பிட்ல திரவமே வைக்கக் கூடாத ஏரியான்னு ஒண்ண வரையறுத்துச்சு, அப்புறம் அந்த பேனல் மேல கழட்டி மாட்டுற கவரும் கட்டாயமாச்சு. அதே 2019 பிப்ரவரில ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து கான்கூன் போன ஏ330 ஒண்ணுல காபி கொட்டி ஆடியோ பேனல் சூடாகி உருகி, புகை வந்து ஷானன்ல இறக்கினாங்க. பொருத்தின கப் ஹோல்டர்ல அவங்க யூஸ் பண்ற கப் சரியா உக்காரல, அதனால ட்ரேல வச்சிருந்தாங்க. ஏடி வர்ற வரைக்கும் காத்திருக்காம கப்புக்கு மூடியும் ஹோல்டருக்கு ஏத்த சைஸும் குடுக்குறது எந்த ஏர்லைனுக்கும் முடியுற காரியம்.

வெளிய கழுவுற தண்ணிய சாதாரணமா நினைக்காதீங்க. 2008 நவம்பர் 27, ஃப்ரான்ஸ்ல பெர்பிக்னான் பக்கத்துல ஒரு ஏ320 கடல்ல விழுந்து ஏழு பேர் செத்துப் போனாங்க. சில நாள் முன்னாடி ப்ளேன கழுவினப்ப ஆங்கிள் ஆஃப் அட்டாக் சென்சாருக்கு (காத்து எந்த கோணத்துல இறக்கைல படுதுன்னு அளக்குறது) பாதுகாப்பு போடாததால உள்ள தண்ணி போய், மேல போனதும் உறைஞ்சு ரெண்டு சென்சார் ஒரே இடத்துல நின்னுடுச்சு, க்ரூ அத தெரியாம தாழ்வான உயரத்துல மெதுவா பறந்து டெஸ்ட் பண்ணினப்ப ப்ரொடெக்ஷன் வேலை செய்யல. அதே வருஷம் பிப்ரவரி 23 குவாம்ல பி-2 பாம்பர் ஒண்ணு டேக்-ஆஃப்லயே விழுந்துச்சு, சென்சார்ல ஈரம் இருக்கும்போதே காலிப்ரேட் பண்ணியிருந்தாங்க, ஈரம் காஞ்சதும் கம்ப்யூட்டருக்கு தப்பான வேகமும் கோணமும் போச்சு. அதனால கழுவும்போது கவர், மேனுவல் சொல்ற தூரத்துல இருந்து மட்டும் ஸ்ப்ரே, ஈரமா இருக்குற சென்சார்ல எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் பண்ணக் கூடாது.

மாடிஃபிகேஷன் முடிஞ்ச அப்புறம்

ஷீல்ட்டுக்கு கோட்டிங் போட்டாலும் அடுத்த தடவ ராக்ல வேலை பண்றவர் அது மேல கால் வைப்பார். அதனால 'மிதிக்காதே' ப்ளக்கார்ட் தெளிவா தெரியட்டும், ஷிஃப்ட் ப்ரீஃபிங்ல சொல்லுங்க. கேலி க்ரூ டெக் லாக்ல 'சிங்க் மெதுவா போகுது'ன்னு எழுதினா அத கேபின் சமாச்சாரம்னு தள்ளிப் போடாம அதே வாரம் ட்ரெயின் ஹீட்டரையும் சேர்த்து பாருங்க. ஒரு பெட்டி திரும்ப திரும்ப ஃபெயில் ஆகி ஷாப்ல 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்'னு வந்தா, பெட்டிய நாலாவது தடவ மாத்துறதுக்கு முன்னாடி அந்த ராக் பொசிஷனுக்கு மேல தரைய திறங்க. ஹெவி செக் டாஸ்க் கார்ட்ல ட்ரிப் ஷீல்ட் இன்ஸ்பெக்ஷன், ட்ரெயின் ஃப்ளோ டெஸ்ட், வெட் ஏரியா டேப், இன்சுலேஷன் பிளாங்கெட் ஈரம் இந்த நாலும் தனித்தனி கார்டா இருக்கட்டும், ஒரே கார்ட்ல 'ஜெனரல் கண்டிஷன் செக்'னு போட்டா டார்ச் அந்த மூலைக்கு போகாது. விரிசலோ கசிவோ கண்டுபிடிச்சா ஃபோட்டோவோட தயாரிப்பாளருக்கும் உங்க அத்தாரிட்டிக்கும் ரிப்போர்ட் அனுப்புங்க, சர்வீஸ் புல்லட்டின்ல அடுத்த ரிவிஷன் வர்றதுக்கு அவங்களுக்கு கையில வேணுங்குறது அந்த மாதிரி ரிப்போர்ட்தான்.